பழவேற்காட்டு டச்சுக்காரனும் பாழாய்ப்போன நடுநிலையும்

பழவேற்காடு டச்சுக் கல்லறைக்குப் போய், வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூட்டை குளோசப்பில் படம் பிடித்து, 'காலத்தின் மௌன சாட்சிகள்' என்று தலைப்பு வைத்துப் பதிவு போடாத பதிவர்கள் யாராவது மிச்சம் இருக்கீங்களா? இருந்தா கை தூக்குங்க. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்கணும். அதுக்கு முந்தின ஸ்டேஷன் எங்க அனுப்பம்பட்டு. மீஞ்சூர் தாண்டினதும் கொஞ்சம் கண் அசந்தீங்கன்னா எங்க ஊரைப் பார்க்காமலே போயிடுவீங்க. ஒண்ணும் நஷ்டமில்லை :-)

கிண்டலுக்கு இல்லை, படங்கள் நல்லாத்தான் இருக்கு. ஆனா போன வாரம் நண்பர் ஒருத்தர் படத்தோட நிறுத்தாம சரித்திரமும் எழுதிட்டார். அவர் சொன்னதோட சாரம் இதுதான்: டச்சுக்காரர்கள் பாவம், வியாபாரம் உண்டு தாங்கள் உண்டு என்று இருந்தவர்கள். ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் ஹைதர் அலியும் அடித்துக்கொண்டபோது ஒதுங்கி நின்றவர்கள். கடைசியில் 1780ல் நடுநிலைமையை விட்டுவிட்டுப் போரில் மாட்டிக்கொண்டார்கள், அதோடு பழவேற்காடும் போச்சு, நாகப்பட்டினமும் போச்சு. கடைசி வரை ஒதுங்கியே இருந்திருக்கணும்.

கீழே இருபது பின்னூட்டம். 'அருமை', 'நடுநிலைன்னா இதுதான்', 'சும்மா இருப்பதே சுகம்'. பின்னூட்டத்தில் பதில் எழுத ஆரம்பிச்சேன், அது அனுமார் வால் மாதிரி நீண்டுடுச்சு. அதான் தனிப் பதிவு. நண்பர் சொல்றது தலைகீழ். டச்சுக்காரன் போரில் சேர்ந்ததால் அழியலை. சேர வேண்டிய நேரத்தில் சேராம, இரண்டு பக்கமும் காசு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் எதிராளி தேதி குறிச்சு அடிச்சப்ப கையில் ஒண்ணும் இல்லாம நின்னான். அதனாலதான் அழிஞ்சான்.

முதல்ல ஒரு விஷயம். 'நடுநிலைமையை விட்டுவிட்டு' என்பதே தப்பு. டச்சுக்காரன் யார் மேலயும் போர் அறிவிக்கலை. 1780 டிசம்பர் 20ம் தேதி இங்கிலாந்துதான் அவன் மேல போர் அறிவிச்சுது. அன்னிக்கு வரைக்கும் அவன் நடுநிலைதான். அமெரிக்கக் காலனிகள் இங்கிலாந்தை எதிர்த்து எழுந்தப்ப, கரீபியன் கடல்ல இருந்த சிண்ட் யூஸ்டேஷியஸ் என்ற துக்கடா தீவு வழியா அவங்களுக்கு வெடிமருந்து வித்துக்கிட்டிருந்தான். பிரான்சுக்குக் கப்பல் கட்ட மரம் வித்தான். அதே ஆம்ஸ்டர்டாம் பணக்காரங்க இங்கிலாந்து அரசாங்கத்தோட கடன் பத்திரங்களையும் மூட்டை மூட்டையா வாங்கி வச்சிருந்தாங்க. பழைய ஒப்பந்தப்படி உதவிக்கு வான்னு இங்கிலாந்து கூப்பிட்டப்போ போகலை. சரி, பிரான்சோட சேர்ந்தானா? அதுவும் இல்லை. இதுக்குப் பேர் நடுநிலைன்னா, சந்தையில் இரண்டு பேர் கட்டிப் புரளும்போது ரெண்டு பேருக்கும் கத்தி வாடகைக்கு விடுறவனும் நடுநிலைதான்.

'வியாபாரம் உண்டு தாங்கள் உண்டு' பற்றியும் ஒரு வார்த்தை. பழவேற்காட்டுல கெல்டிரியா கோட்டையை 1613ல கட்டி முடிச்சவங்க துணி மட்டும் வாங்கிட்டுப் போகலை. அதே ஊர்ல வெடிமருந்து தயாரிச்சாங்க. பதினேழாம் நூற்றாண்டுல இந்தக் கரையிலேர்ந்து நம்ம ஆளுங்களை ஆயிரக்கணக்குல அடிமைகளா வாங்கி பத்தாவியாவுக்குக் கப்பல் ஏத்தினாங்க. பஞ்சம் வந்த வருஷங்கள்ல வியாபாரம் அமோகம். 1759ல ஏழாண்டுப் போர்ல ஹாலந்து நடுநிலைன்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டே, வங்காளத்துல சின்சுராவுக்குப் படையை அனுப்பி கிளைவோட ஆட்கள்கிட்ட ஒரே நாள்ல செமத்தியா வாங்கிக்கட்டிக்கிட்டாங்க. கல்லறையில அழகான எழுத்துல பேர் வெட்டியிருக்கேங்கறதுக்காக உருகணும்னு இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். எப்போ சேர்ந்திருக்கணும்? 1778ல பிரான்ஸ் சேர்ந்தப்பவே சேர்ந்திருக்கணும்னு நான் சொல்லலை. அப்போ பாண்டிச்சேரியை மன்ரோ முற்றுகை போட்டு அக்டோபர்லயே பிடிச்சிட்டான், டச்சுக்காரன் தலையிட்டிருந்தாலும் எதுவும் மாறியிருக்காதுன்னு ஒருத்தர் வாதாடலாம். நான் சொல்ற தேதி வேற. 1779 டிசம்பர் 31. அன்னிக்கு இங்கிலீஷ் கால்வாய்ல டச்சு வணிகக் கப்பல் கூட்டத்துக்குக் காவலா வந்த பைலண்ட் என்ற தளபதியை ஃபீல்டிங் என்ற ஆங்கிலத் தளபதி மறிச்சு, குண்டு போட்டு, கப்பல்களைப் பிடிச்சுட்டுப் போனான். நடுநிலைக்கு இங்கிலாந்து கொடுக்குற மரியாதை என்னன்னு அந்த ஒரு நாள்லயே தெரிஞ்சு போச்சு. புரியாதவங்களுக்காக 1780 ஏப்ரல்ல இன்னொரு தடவையும் சொன்னாங்க: 1674 ஒப்பந்தப்படி டச்சுக் கப்பல்களுக்கு இருந்த சலுகை எல்லாம் இனி கிடையாதுன்னு.

இப்ப ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. அந்தக் காலத்துல ஐரோப்பாவிலேர்ந்து சோழமண்டலக் கரைக்குச் செய்தி வர ஏறக்குறைய ஆறு மாசம். கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுத்தணும் இல்லையா? 1780 ஜனவரியில ஹேக் நகரத்துல முடிவு எடுத்திருந்தா, நாகப்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் கொழும்புக்கும் எப்போ தகவல் வந்திருக்கும்? ஜூலை வாக்குல. 1780 ஜூலையில இங்க என்ன நடந்துச்சு? ஹைதர் அலி பெரும்படையோட மலை இறங்கி ஆற்காட்டு நாட்டுக்குள்ள நுழைஞ்சார்!

அந்த வருஷம் எங்க பக்கத்துல நடந்ததைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும். குண்டூர்ப் பக்கத்திலேர்ந்து பெய்லி ஒரு படையோட தெற்கே வர்றார். மன்ரோ மதராஸ் பக்கத்திலேர்ந்து காஞ்சிபுரம் போறார். ரெண்டு பேரும் சேர்ந்தா ஹைதரைச் சமாளிக்கலாம்னு திட்டம். பெய்லி கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆகஸ்ட் 25ம் தேதி கொசஸ்தலை ஆத்துக்கு வடகரையில கூடாரம் போடுறார். ஆத்துல தண்ணி இல்லை, அன்னிக்கே தாண்டியிருக்கலாம், தாண்டலை. ராத்திரி மழை. எங்க ஊர்க்காரங்களுக்குக் கொசஸ்தலை பத்திச் சொல்லவே வேண்டாம், மேல மழை பெய்ஞ்சா இங்க எப்படி வரும்னு தெரியும். செப்டம்பர் 3 வரைக்கும் மனுஷன் ஆத்தைத் தாண்ட முடியலை. செப்டம்பர் 10ம் தேதி பொள்ளிலூர்ல திப்புவும் ஹைதரும் சேர்ந்து அந்தப் படையையே அழிச்சாங்க. மன்ரோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்துல தள்ளிட்டு மதராசுக்கு ஓடி வந்தார். அதுவரைக்கும் இந்தியாவுல ஆங்கிலேயன் வாங்கின அடியிலேயே பெரிய அடி அதுதான்.

இவ்வளவும் நடக்கும்போது கெல்டிரியா கோட்டையில இருந்த டச்சுக்காரன் என்ன செஞ்சான்? ஒண்ணும் செய்யலை. நடுநிலை!

ஆனா நிஜமான வாய்ப்பு பொள்ளிலூர் இல்லை, அதுக்கு அடுத்த அஞ்சு மாசத்துல வந்தது. நண்பர் பதிவுல இதைப் பத்தி ஒரு வரி கூட இல்லை. ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ் மேற்குக் கரைக்குப் போய் டிசம்பர்ல மங்களூர்ல ஹைதரோட கப்பல்களைக் கொளுத்திக்கிட்டிருந்தார். கிழக்குக் கரையில சொல்லிக்கிற மாதிரி ஆங்கிலக் கடற்படை கிடையாது. வங்காளத்திலேர்ந்து வந்த அயர் கூட் படையோட கடலூர்ல மாட்டிக்கிட்டிருந்தார். தரை வழியா சோறு வராது, ஹைதர் சுத்தி நிக்கிறார். கடல் வழிதான் ஒரே வழி. அந்தக் கடல்ல 1781 ஜனவரி கடைசியில பிரெஞ்சுக் கப்பற்படை வந்து நின்னுச்சு. தளபதி பேர் டோர்வ். ஹைதர் கெஞ்சாத குறையாக் கேட்டார்: கொஞ்ச நாள் இரு, கூட் பட்டினியில சரணடைஞ்சிடுவான்னு. டோர்வ் கேட்கலை. உணவில்லை, தண்ணியில்லை, தங்க ஒரு துறைமுகமில்லைன்னு பிப்ரவரி நடுவுல கிளம்பி மொரீஷியஸ் போயிட்டார். கூட் பிழைச்சார். ஜூலை 1ம் தேதி பரங்கிப்பேட்டையில ஹைதரைத் தோற்கடிச்சார்.

தங்கத் துறைமுகமில்லைன்னு சொல்லி ஓடின அந்தக் கப்பல்களுக்கு, கூப்பிடு தூரத்துல நாகப்பட்டினம். அங்க கிடங்கு இருக்கு, கோட்டை இருக்கு, டச்சுப் பட்டாளம் இருக்கு. அதுக்குத் தெற்கே திருகோணமலை. எந்தக் காத்துக்கும் அசையாம கப்பல் நிக்கக்கூடிய இயற்கைத் துறைமுகம், வங்காள விரிகுடாவுலேயே அதுக்கு இணை கிடையாது. ரெண்டும் டச்சுக்காரனோடது. டச்சுக்காரன் நடுநிலை. இதுல உச்சகட்டக் கொடுமை என்னன்னா, டோர்வ் கடலூர் எதிர்ல நின்ன அந்த நாள்ல ஐரோப்பாவுல ஹாலந்து மேல இங்கிலாந்து போர் அறிவிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. செய்தி இன்னும் கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு! 1781 ஜூன் 22ம் தேதி மதராஸ்ல வந்து இறங்கின புது கவர்னர் மக்கார்ட்னிதான் அதைக் கொண்டு வந்தார். ஆறு மாசம், ரெண்டு நாள். செய்தி கொண்டு வந்தவரே ஆளையும் அனுப்பினார். சில வாரத்துக்குள்ள சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும் அவர் கையில. இதுதான் நடுநிலைக்காரனோட கதி. சண்டை எப்போ தொடங்கணும்னு முடிவு பண்றது அடிக்கிறவன், அடி வாங்குறவனுக்குத் தகவல் கடைசியாத்தான் வரும்.

நாகப்பட்டினத்துல அதுக்கப்புறம்தான் அவசர அவசரமா ஹைதரோட ஒப்பந்தம் போட்டாங்க. ஹைதரோட ஆட்கள் கோட்டைக்கு உதவிக்கும் வந்தாங்க. என்ன பிரயோஜனம்? அதுக்குள்ள ஹைதர் பரங்கிப்பேட்டையில தோத்தாச்சு, ஹியூஸ் கிழக்குக் கரைக்குத் திரும்பியாச்சு, பிரெஞ்சுக் கப்பல் மொரீஷியஸ்ல. நவம்பர் 1781ல நாகப்பட்டினம் போச்சு. 1782 ஜனவரியில திருகோணமலை போச்சு. அதே வருஷம் சஃப்ரான்னு ஒரு பிரெஞ்சுத் தளபதி வந்தார், வந்தார்னா அவர்தான் ஆளு. ஹியூஸோட அஞ்சு தடவை கடல்ல மோதினார், ஆகஸ்ட் கடைசியில திருகோணமலையை மீட்டார். ஒன்றரை வருஷம் முன்னாடி டோர்வுக்கு சும்மா கிடைச்சிருக்க வேண்டிய துறைமுகத்தை இவர் ரத்தம் சிந்திப் பிடிக்க வேண்டியிருந்துச்சு. டிசம்பர்ல ஹைதர் இறந்துட்டார். எல்லாம் தாமதம்.

இப்போ எதிர்வாதங்கள். பின்னூட்டத்துல நிச்சயம் வரும், முன்கூட்டியே பார்த்துடலாம்.

'ஹாலந்து சின்ன நாடு, கப்பற்படை கிடையாது, முன்னாடியே சேர்ந்திருந்தா முன்னாடியே அழிஞ்சிருக்கும்.' கப்பற்படை ஏன் இல்லைன்னு கேளுங்க. 1667ல இதே நாடுதான் மெட்வே ஆத்துக்குள்ள புகுந்து இங்கிலாந்து கப்பல்களைக் கொளுத்தினது. அப்புறம் நடுநிலை வியாபாரத்துல பணம் சேர்ந்துச்சு, கப்பல் உளுத்துப் போச்சு. ஆம்ஸ்டர்டாம் கப்பல் கட்டணும்னு சொல்லும், இளவரசர் வில்லியமும் உள்நாட்டு மாகாணங்களும் தரைப்படை சேர்க்கணும்னு சொல்வாங்க, ரெண்டும் நடக்காது. நடுநிலைன்னு அறிவிச்சுட்டா அடிக்க மாட்டான்னு நினைப்பு. ஆனாலும் 1781 ஆகஸ்ட்ல டாகர் பேங்க்ல இருக்கிற கப்பலை வச்சுக்கிட்டு ஆங்கிலேயனோட சரிக்குச் சரி நின்னாங்க. முடியாதவங்க இல்லை. அப்புறம், நான் வடகடல்ல ஜெயிச்சிருப்பான்னு சொல்லவே இல்லையே? 1781 பிப்ரவரியில கடலூர் கடல்ல ஜெயிக்க அவனோட கப்பலே தேவையில்லை. துறைமுகத்தைத் திறந்துவிட்டா போதும்.

'ஹைதரை நம்ப முடியுமா? 1776ல மலபார்ல டச்சுக்காரனோட சேட்டுவாயை அவர்தானே பிடிச்சார்?' இது நல்ல கேள்வி. எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு வாதம்தான் கொஞ்சம் நிக்குது. ஹைதர் ஒண்ணும் டச்சுக்காரனுக்கு மாமன் மச்சான் இல்லை. ஆனா 1781ல கழுத்துக்குக் கத்தி வந்தப்ப அதே ஹைதரோடதானே கையெழுத்துப் போட்டான்? நம்பிக்கை வந்தா போட்டான்? வேற வழியில்லைன்னு போட்டான். வேற வழியில்லைன்னு போடுற கையெழுத்துக்கு என்ன விலை கிடைக்கும், வேண்டியவனா முன்னாடியே வந்து போடுறதுக்கு என்ன விலை கிடைக்கும்? பழவேற்காட்டு ஏரியில பாடு முறை தெரிஞ்சவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். எந்த இடத்துல எந்த நாள் யார் வலை போடுறதுங்கறது கூட்டத்துல முடிவாகுது, அங்க வந்து உட்காராதவன் அப்புறம் கரையில நின்னு கத்தினா யார் கேட்பா?

'1971ல இந்தியா மார்ச்சுலேர்ந்து டிசம்பர் வரைக்கும் காத்திருந்துச்சே, அது தப்பா?' இல்லை. அது காத்திருப்பு, இது சும்மா இருப்பு. 1971ல அகதிகள் லட்சக்கணக்குல வந்துக்கிட்டிருந்தப்பவே படை தயாராச்சு, மழைக்காலம் முடியக் காத்திருந்தாங்க, ஆகஸ்ட்ல சோவியத்தோட ஒப்பந்தம் போட்டாங்க. டிசம்பர் 3ல தொடங்கி 16ல முடிஞ்சுது. டச்சுக்காரனுக்கும் ஒரு துணை கிடைக்க இருந்துச்சு. ரஷ்யாவோட கேத்தரின் மகாராணி நடுநிலை நாடுகளையெல்லாம் சேர்த்து ஒரு அணி கட்டினார். அதுல சேரலாமா வேண்டாமான்னு மாசக்கணக்குல பேசி 1780 நவம்பர்ல ஒருவழியா சரின்னாங்க. அந்தச் சேர்க்கை முழுமையாகறதுக்குள்ளதான் இங்கிலாந்து முந்திக்கிட்டு போர் அறிவிச்சுது. ரஷ்யா 'அடடா'ன்னு சொல்லிட்டு விட்டுடுச்சு.

கடைசியா ஒண்ணு. நேர்ல ஒருத்தர் கேட்டார்: 'டச்சுக்காரன் ஜெயிச்சா என்ன, இங்கிலீஷ்காரன் ஜெயிச்சா என்ன, நமக்கென்ன?' இந்த 'நமக்கென்ன'வை எங்க பக்கத்துல அடிக்கடி கேட்கிறேன். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கம்னு மீனவக் குப்பங்கள் வருஷக்கணக்கா கத்துறாங்க. கரையிலேர்ந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற நம்மாளுங்க, 'அது கடல்காரங்க பிரச்சினை, நாம நடுநிலை'ங்கறாங்க. கொசஸ்தலைத் தண்ணி எந்தப் பக்கம் திரும்பும்னு அதுக்கும் ஒரு நடுநிலை இருக்கும் போல. சரி, அது தனிப் பதிவு.

நமக்கு என்னன்னா, இது. அந்தப் போர் 1780ல தொடங்கி 1784 மார்ச்ல மங்களூர் ஒப்பந்தம் வரைக்கும் இழுத்துச்சு. ஹைதரோட குதிரைப்படை மதராசைச் சுத்தி இருந்த கிராமங்களைக் கொளுத்தினதுல பாதிக்கப்பட்டது கவர்னர் இல்லை. விதைநெல் போச்சு, மாடு போச்சு, ஜனம் கூட்டம் கூட்டமா மதராசுக்கு ஓடுச்சு. பஞ்சம். அப்போ கோட்டைக்கு வடக்கே கஞ்சி ஊத்த ஆரம்பிச்சதுதான் மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்து வழியா வந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. இப்பவும் வடசென்னைப் பெரியவங்க அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ன்னுதான் சொல்வாங்க. 1781 பிப்ரவரியில கூட் சரணடைஞ்சிருந்தா போர் அந்த வருஷமே முடிஞ்சிருக்கும்ங்கறது என் கணிப்பு. இல்லைன்னு சொல்றவங்க காரணத்தோட சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஹைதர் ஜெயிச்சா தேனும் பாலும் ஓடியிருக்கும்னு நான் சொல்லலை. டச்சுக்காரன் யோக்கியன்னும் சொல்லலை. மூணு வருஷம் கொளுத்தின தீ ஒரு வருஷத்துல அணைஞ்சிருந்தா, கஞ்சித் தொட்டி முன்னாடி நின்ன கூட்டம் அவ்வளவு இருந்திருக்காதுங்கறதுதான் என் பேச்சு.

நடுநிலையால டச்சுக்காரனுக்கு என்ன மிஞ்சிச்சுன்னும் பார்த்துடுவோம். வெடிமருந்து வித்துக் கொழிச்ச சிண்ட் யூஸ்டேஷியஸை 1781 பிப்ரவரியில ரோட்னி பிடிச்சு, டச்சுக் கொடியை இறக்காமலே ஒரு மாசம் பறக்கவிட்டு, நம்பி உள்ளே வந்த கப்பல்களையெல்லாம் வாரிக்கிட்டார். அத்தனை வருஷ லாபமும் ஒரே அள்ளு. 1784 ஒப்பந்தத்துல நாகப்பட்டினம் நிரந்தரமா இங்கிலாந்துக்குப் போச்சு, கிழக்குக் கடல்கள்ல ஆங்கிலக் கப்பல் தடையில்லாம போகலாம்னும் எழுதிக் கொடுத்தாங்க. கடன்ல மூழ்கின டச்சுக் கம்பெனியை 1796ல அரசாங்கம் எடுத்துக்கிட்டுது, 1799 கடைசியோட கம்பெனிக்கே மூடுவிழா. பழவேற்காட்டைத் திருப்பிக் கொடுத்தாங்க, 1795ல மறுபடி பிடிச்சாங்க, 1818ல மறுபடி கொடுத்தாங்க, கடைசியில 1824 ஒப்பந்தப்படி இந்தியாவுல டச்சுக்காரனுக்கு இருந்ததெல்லாம் இங்கிலாந்துக்கு, சுமத்ராவுல இங்கிலாந்துக்கு இருந்த பெங்கூலன் டச்சுக்காரனுக்குன்னு மாத்திக்கிட்டாங்க. கெல்டிரியா கோட்டை இருந்த இடத்துல இப்போ முள்ளுப் புதரும் மேடும்தான்.

நண்பரே, கோபம் வேண்டாம், உள்குத்தும் ஒண்ணுமில்லை. டோர்வ் கிளம்பிப் போனதுக்கு டச்சு நடுநிலை காரணமில்லைன்னு உங்களால காட்ட முடிஞ்சா எழுதுங்க, நானே லிங்க் கொடுக்கிறேன். எலும்புக்கூடு படம் மட்டும் இன்னொரு தடவை வேண்டாம்.

டிஸ்கி: பழவேற்காடு போறவங்க மத்தியான வெயில்ல போகாதீங்க. கல்லறைக்குள்ள மரநிழல் கம்மி.